மேட்டுத் தண்ணீரில் கார் கழுவுவது

கொழும்பில் இருக்கும் என் தங்கச்சி வீட்டில், ஹோஸ் பைப்பின் நுனியில் மாட்டும் ஃபோம் கன் ஒன்று கிடக்கிறது. போத்தலில் ஷாம்பு ஊற்றி, விசையை அழுத்தினால் நுரை பறக்கும் என்று அட்டைப்பெட்டியில் படம் போட்டிருக்கிறார்கள். அங்கே கூரைக்கு மேலே வைத்த டேங்கிலிருந்து வரும் தண்ணீரில் அது சோப்புத் தண்ணீரைச் சொட்டச் சொட்ட வடிக்கிறது, அவ்வளவுதான். அதே சாமானைத் தலவாக்கலைக்கு மேலே எங்கள் வீட்டுக் குழாயில் மாட்டினால் கார் முழுக்க வெள்ளையாக மூடிவிடுகிறது. இந்த வித்தியாசத்தைப் புரிந்துகொண்டால் மலைநாட்டில் இருக்கிறவர்கள் மோட்டாரும் வேண்டாம், கரண்ட்டும் வேண்டாம் என்று வீட்டு வாசலிலேயே வண்டியை நன்றாகக் கழுவலாம். அதோடு நாம் மட்டும் கவனிக்க வேண்டிய சில விஷயங்களும் இருக்கின்றன. கார் கழுவும் வீடியோக்களில் அவற்றைப் பற்றி யாரும் பேசி நான் பார்த்ததில்லை.

முதலில் அழுத்தம். தண்ணீர் 10 மீற்றர் உயரத்திலிருந்து இறங்கி வந்தால் அடியில் ஏறக்குறைய 1 பார் அழுத்தம் இருக்கும். தட்டை நிலத்தில் உள்ள ஒரு மாடி வீட்டில் டேங்குக்கும் வாசல் குழாய்க்கும் மூன்று நான்கு மீற்றர்தான் இடைவெளி. அதனால் அங்கே 0.3, 0.4 பார் கிடைத்தாலே பெரிய விஷயம். எங்கள் பக்கம் தண்ணீர் தேயிலை மலைக்கு மேலே இருக்கும் ஊற்றிலிருந்து வருகிறது. ஊற்றடியில் சின்னதாக ஒரு கட்டு, அதிலிருந்து எஸ்லோன் எனும் பிவிசி பைப், நடுவில் ஒரு சீமெந்து டேங்க், பிறகு வீடுகள். அந்த டேங்க் வாசலைவிட 30 மீற்றர் உயரத்தில் இருந்தால் 3 பார். ஹோஸில் மாட்டும் கன்கள் நகரக் குழாய்களில் வரும் 2 முதல் 4 பார் வரையான அழுத்தத்தை மனதில் வைத்துத்தான் செய்யப்படுகின்றன. மேடு நமக்கு அதைச் சும்மா தருகிறது.

ஆனால் குழாய் மூடியிருக்கும்போது உள்ள அழுத்தம் வேறு, தண்ணீர் ஓடும்போது உள்ளது வேறு. அரை இஞ்சிப் பைப்பை இருநூறு மீற்றருக்கு இழுத்து வந்திருந்தால், ஓடத் தொடங்கியதும் உராய்விலேயே பாதி பலம் போய்விடும். வாங்குவதற்கு முன் ஒரு 20 லீற்றர் வாளியை வைத்துக் குழாயை முழுதாகத் திறந்து பாருங்கள். ஒன்றரை நிமிடத்துக்குள் நிறைந்தால் நிமிடத்துக்கு 13 லீற்றருக்கு மேல் வருகிறது என்று அர்த்தம், கன் ஒழுங்காக வேலை செய்யும். மூன்று நான்கு நிமிடம் எடுத்தால் அந்தக் காசை மிச்சம் பிடியுங்கள். நல்ல ஷாம்பு ஒன்றும் இரண்டு வாளியும் போதும்.

கன்னுக்குள்ளே பெரிய சூட்சுமம் எதுவும் இல்லை. இத்தாலியரான வெஞ்சுரி 1797-இல் எழுதி வைத்த விஷயம்தான். அகலமான பாதையில் வரும் தண்ணீர் ஓர் ஒடுங்கிய கழுத்துக்குள் புகும்போது வேகம் கூடுகிறது. வேகம் கூடும் இடத்தில் அழுத்தம் குறைகிறது. சரியாக அந்த இடத்தில் போத்தலிலிருந்து வரும் மெல்லிய குழாயின் வாய் இருக்கிறது. அழுத்தம் குறைந்ததும் ஷாம்பு தானாக மேலே ஏறித் தண்ணீரோடு கலக்கிறது. எவ்வளவு கலக்க வேண்டும் என்பதை மேலே உள்ள திருகு தீர்மானிக்கிறது. வரும் தண்ணீரில் வேகம் இல்லை என்றால் உறிஞ்சலும் இல்லை. தங்கச்சி வீட்டில் நடப்பது அதுதான்.

படத்தில் இருப்பது போலத் தடித்த நுரை எங்கள் மேட்டுத் தண்ணீரிலும் வராது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்த நுரை 100 பாருக்கு மேல் தள்ளும் பிரஷர் மெஷினில், உள்ளே கம்பி வலை வைத்த வேறு ஒரு கருவியில் வருவது. ஹோஸ் கன்னில் வரும் நுரை நீர்த்தன்மையாக இருக்கும், ஓரிரு நிமிடத்தில் வழிந்து இறங்கும். அது போதும் என்பது என் முடிவு. நுரையின் வேலை அழுக்கை ஈரமாக வைத்திருப்பது, இறுகிய மண்ணை இளக்குவது, கையும் துணியும் வழுக்கிப் போக இடம் கொடுப்பது. அழுக்கை எடுப்பது தண்ணீரும் கையும்தான்.

இதில் மலைநாட்டுக்கு இன்னொரு கொடுப்பினையும் உண்டு. நம்முடைய ஊற்றுத் தண்ணீர் மென்மையான தண்ணீர். பாறையில் ஊறி வந்தாலும் சுண்ணாம்பு அதிகம் கலக்காதது. யாழ்ப்பாணத்தில் சுண்ணக்கல்லுக்குள் இருந்து எடுக்கும் கிணற்றுத் தண்ணீரில் சோப்பு லேசில் நுரைக்காது, காய்ந்தால் கண்ணாடியில் வெள்ளைப் பொட்டு நிற்கும். இங்கே போத்தலில் எழுதியிருக்கும் அளவில் பாதி ஷாம்பு ஊற்றினாலே நன்றாக நுரைக்கிறது. அலசத்தான் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுக்கும், மென்மையான தண்ணீரில் சோப்பு வழுவழுப்பு சட்டென்று விடாது. ஆகவே ஷாம்புவைக் குறைத்துப் போடுவது காசுக்கும் தண்ணீருக்கும் நல்லது.

ஊற்றுத் தண்ணீரில் மண்ணும் வரும். மழைக்கு அடுத்த நாள் குழாயைத் திறந்தால் முதல் வாளி தேநீர் நிறத்தில் இருப்பது நமக்கெல்லாம் பழகிய காட்சி. கன்னின் கழுத்தில் ஷாம்பு ஏறி வரும் துளை ஊசி நுனி அளவுதான். எங்கள் கன் உறிஞ்சாமல் நின்றுபோன ஒரு நாள் அதைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அந்தத் துளையில் ஒரு காக்காப்பொன் சிம்பு பட்டையாக ஒட்டிக்கொண்டிருந்தது, மூடி போட்டது போல. நம்முடைய மலை மண்ணில் மினுமினுக்கும் அதே சாமான். ஈர்க்கு நுனியால் நெம்பியதும் வந்துவிட்டது. அதிலிருந்து குழாய்க்கும் ஹோஸுக்கும் இடையில் வலை வைத்த வாஷர் ஒன்றைப் போட்டிருக்கிறேன். ஹார்ட்வேர் கடையில் வாஷிங் மெஷினுக்கு என்று கேட்டால் கொடுப்பார்கள். கழுவத் தொடங்கும் முன் கன்னை மாட்டாமல் ஹோஸைக் கொஞ்சம் ஓட விடுவதும் பழக்கமாகிவிட்டது. அந்தத் தண்ணீரை வாளியில் பிடித்து டயர் கழுவ வைத்துக்கொள்ளலாம்.

இனி வண்டிக்கு வருவோம். ஏன் இவ்வளவு மெனக்கெட வேண்டும் என்று கேட்பவர்கள் கடந்த சில வருடங்களை நினைத்துப் பார்க்க வேண்டும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். தனியார் கார்களுக்கு மறுபடி கதவு திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடையில் 2022-இல் பெற்றோலுக்கு கியூ ஆர் கோட் வாங்கி வரிசையில் நின்றோம். திறந்த பிறகும் வரியோடு சேர்த்துப் புதுக் கார் வாங்குவது எங்களைப் போன்ற சம்பளக்காரர்களுக்கு எட்டாத காரியம். கையில் இருக்கும் பழைய ஆல்ட்டோவையோ வேகன் ஆரையோ இன்னும் பல காலம் ஓட்டித்தான் ஆக வேண்டும். துரு பிடித்தால் மாற்றிக்கொள்ளலாம் என்ற நிலைமை நமக்கு இல்லை.

மலைநாட்டில் காரைத் தின்பது ஈரம். கடற்கரைக்காரர்களுக்கு உப்பு எப்படியோ, நமக்கு மண்ணோடு சேர்ந்த ஈரம் அப்படி. தென்மேற்குப் பருவ மழை மே மாதத்தில் தொடங்கினால் செப்டம்பர் வரை வண்டி ஒழுங்காகக் காய்வதே கிடையாது. தோட்டத்து ரோட்டில் ஏறி இறங்கும்போது டயர் வீசும் செம்மண் மட்கார்ட்டின் உள் விளிம்பில் போய் அப்பிக்கொள்ளும். வெளியே இருந்து பார்த்தால் தெரியாது. டயருக்கு மேலே கையை விட்டு அந்த விளிம்பின் உள்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். மண், புல், கொழுந்துக் காம்பு, சின்னக் கல் எல்லாம் சேர்ந்து ஓர் ஈரமான கட்டியாக வரும். வெளியே இரண்டு நாள் வெயில் அடித்தாலும் அந்தக் கட்டி உள்ளே ஈரமாகவே இருக்கும். தகரம் அழுகத் தொடங்குவது அங்கேதான். உரம் ஏற்றிய லொறி போன ரோட்டில் நீங்களும் போயிருந்தால் அந்த மண்ணில் உரமும் இருக்கும், துரு இன்னும் வேகமாக ஏறும்.

ஆகவே நான் நுரையில் தொடங்குவதில்லை. கன்னிலிருந்து போத்தலைக் கழற்றி வைத்துவிட்டு, வெறும் தண்ணீரை நேர்க் கோடாக வைத்து நான்கு சக்கரக் குழிகளுக்கும் முதலில் அடிக்கிறேன். கீழே விழும் தண்ணீர் சிவப்பிலிருந்து தெளியும்வரை அடிக்க வேண்டும். விளிம்பில் உள்ள கட்டியை விரலால் எடுத்துவிட்டு மறுபடி அடிக்க வேண்டும். இதைச் செய்துவிட்டு உடம்பைக் கழுவாமல் விட்டால்கூடப் பரவாயில்லை என்பேன். உடம்பைப் பளபளவென்று துடைத்துவிட்டு இதை விடுகிறவர்கள்தான் அதிகம்.

அதற்கு முன் இரண்டு விஷயம். எங்கள் வாசல் போல உங்கள் வாசலும் சரிவாக இருந்தால் ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்பாமல் கியரில் போட்டு, டயருக்குக் கீழே கல் முட்டுக் கொடுங்கள். சோப்புத் தண்ணீர் ஓடும் சீமெந்துத் தரையில் டயர் வழுக்கும், நீங்களும் வண்டிக்குக் கீழ்ப்பக்கம்தான் பெரும்பாலும் நின்றுகொண்டிருப்பீர்கள். மற்றது, இறக்கத்தில் வந்து நிறுத்திய உடனே சக்கரத்துக்குத் தண்ணீர் அடிக்கக் கூடாது. நுவரெலியாவிலிருந்து ரம்பொடைப் பக்கம் இறங்கி வந்த வண்டியின் பிரேக் டிஸ்க்கைத் தொட முடியாது, அவ்வளவு சூடு. அதில் குளிர்ந்த ஊற்றுத் தண்ணீரை அடித்தால் இரும்பு சமமில்லாமல் சுருங்கும், டிஸ்க் வளையவோ வெடிக்கவோ இடம் உண்டு. தேநீர் குடித்துவிட்டு ஆறுதலாக வாருங்கள்.

பிறகு உடம்பு. கூரையிலிருந்து கீழ்நோக்கி வெறும் தண்ணீர், அதன் பிறகு போத்தலை மாட்டி நுரை. நுரை காய்வதற்குள், மைக்ரோஃபைபர் துணியை வாளியில் அலசி அலசி, மேலிருந்து கீழாக நேராகத் துடைப்பது. பெயின்டுக்கு மேலே இருக்கும் கிளியர் கோட் பொதுவாக 50 மைக்ரோனுக்கும் குறைவான தடிப்புத்தான். ஒரு தலைமுடியின் தடிப்பே அதைவிடக் கூட. நம்முடைய மண்ணில் இருக்கும் மணல் துகள் அந்தப் படலத்தைச் சுலபமாகக் கீறும். வெயிலில் நிறுத்திப் பார்த்தால் பொனட்டில் வட்ட வட்டமாகச் சிலந்தி வலைக் கீறல் தெரிகிறதே, அது வட்டமாகத் தேய்த்த மண்ணின் கைவரிசை. ஒரு வாளியில் ஷாம்பு, ஒரு வாளியில் துணி அலசச் சுத்தத் தண்ணீர் என்று வைத்துக்கொண்டால் பாதிக் கீறல் குறையும். சக்கரம் துடைக்கும் துணி வேறாக இருக்க வேண்டும், அதைக் கடைசியில்தான் தொட வேண்டும். துணி துவைக்கும் பவுடரை யாரும் போடாதீர்கள், அதன் காரம் மெழுகுப் படலத்தைக் கொண்டுபோய்விடும்.

மலைநாட்டுக் கார்களுக்கென்றே இருக்கும் ஒரு வேலை பாசி எடுப்பது. நானுஓயா, நுவரெலியாப் பக்கம் மூடுபனியில் நிற்கும் கார்களின் ஜன்னல் ரப்பரைப் பாருங்கள். கண்ணாடி இறங்கும் இடத்தில் பச்சையாக ஒரு கோடு ஓடும். கொஞ்ச நாள் ஓட்டாமல் விட்டால் அது வெல்வெட் மாதிரித் தடித்துவிடும். தண்ணீர் அடித்தால் மேல் பச்சை மட்டும் போகும், வேர் ரப்பர் மடிப்புக்குள் இருக்கும். பழைய டூத் பிரஷ்ஷை ஷாம்புத் தண்ணீரில் நனைத்து நெடுக்காகத் தேய்த்தால்தான் போகும். அப்படியே கதவைத் திறந்து அடி விளிம்பைக் குனிந்து பாருங்கள். இரண்டு மூன்று சின்னத் துளைகள் இருக்கும். ஜன்னல் வழியாகக் கதவுக்குள் இறங்கும் மழைத் தண்ணீர் வெளியேறும் வழி அது. பாசியும் மண்ணும் சேர்ந்து அதை அடைத்துவிட்டால் கதவுக்குள் தண்ணீர் தேங்கி, உள்ளிருந்தே அழுகும். கதவை ஆட்டும்போது சலசலவென்று சத்தம் கேட்டால் அதுதான் விஷயம். ஈர்க்கு ஒன்றை விட்டு ஒவ்வொரு முறையும் குத்திவிடுங்கள். முன் கண்ணாடிக்குக் கீழே வைப்பர் இருக்கும் பள்ளத்திலும் யூகலிப்டஸ் இலை, பைனஸ் ஊசி எல்லாம் சேரும். கையால் அள்ளி எடுக்க வேண்டும். தண்ணீரை அடித்து உள்ளே தள்ளினால் வடிகால் அடைத்து, காருக்குள் கார்ப்பெட் நனையும்.

இவ்வளவும் வண்டியைப் பற்றியது. நான் முக்கியமாகச் சொல்ல வந்தது தண்ணீரைப் பற்றி.

நம்முடைய குழாய் நமக்கு மட்டும் சொந்தமான குழாய் இல்லை. ஒரே ஊற்று, ஒரே டேங்க், அதிலிருந்து தோட்டத்து வரிசை வீடுகளான மேல் லயம், நடு லயம், கீழே தனி வீடுகள். ஒருவர் திறந்தால் மற்றவருக்குக் குறையும். எங்களுக்குக் கீழ் வீட்டில் இருக்கிற அக்கா நெடுங்காலம் கொழுந்து எடுத்து ஓய்ந்தவர். நான் ஹோஸை விரிப்பதைக் கண்டாலே கேட்பார்: "தம்பி, வண்டி கழுவப் போறீங்களா? அப்ப நான் உடுப்ப நாளைக்கு ஊறப் போட்டுக்கிறேன்." அவர் குறையாகச் சொல்லவில்லை, கணக்கு அப்படி என்று சொன்னார். அதற்குப் பிறகு நாங்கள் பேசி வைத்துக்கொண்டோம். காலையில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிற நேரத்திலும், மாலையில் மலையிலிருந்து வந்து குளிக்கிற நேரத்திலும் ஹோஸ் கிடையாது. முற்பகல் பத்து மணிக்கு மேல்தான். "இன்னைக்குக் கழுவுறேன்க்கா, ஏதும் பிடிச்சு வைக்கணும்னா பிடிச்சுக்கங்க" என்று முதல் நாளே சொல்லிவிடுவேன்.

இந்த இடத்தில் கன்னுக்கு உண்மையிலேயே ஒரு பெருமை உண்டு. விசையை விட்டால் தண்ணீர் நிற்கும். நிமிடத்துக்கு 13 லீற்றர் வரும் ஹோஸை அரை மணி நேரம் திறந்து போட்டால் 390 லீற்றர் போய்விடும். துடைக்கும்போதும் வாளி எடுக்கப் போகும்போதும் ஓடும் தண்ணீர்தான் அதில் பாதிக்கு மேல். விசை வைத்த கன்னில் நிஜமாகத் தண்ணீர் அடிக்கும் நேரம் பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும், அப்படியென்றால் 130 லீற்றருக்குள். பிரஷர் மெஷின் நிமிடத்துக்கு ஆறேழு லீற்றர்தான் எடுக்கும், அது இன்னும் சிக்கனம் என்பதையும் மறைக்கக் கூடாது. ஆனால் விலை, கரண்ட், கிட்டப் பிடித்தால் ரப்பரையும் பழைய பெயின்டையும் பெயர்த்துவிடும் வேகம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால், மேட்டுத் தண்ணீர் உள்ள வீட்டுக்கு அது தேவையில்லை என்று நினைக்கிறேன். தை, மாசியில் மழை நின்று ஊற்று மெலியும்போது இரண்டுமே வேண்டாம். ஒரு வாளியும் ஈரத் துணியும் போதும். சக்கரக் குழியை மட்டும் ஒரு செம்புத் தண்ணீரால் கழுவிவிடுங்கள்.

அடுத்தது இன்னும் கவனமாகக் கேட்க வேண்டியது. போத்தலில் சோப்பு இருக்கிறது, அது குடிக்கிற தண்ணீர் வரும் பைப்போடு நேராகப் பொருந்தி இருக்கிறது. சாதாரண நாளில் தண்ணீர் மேலிருந்து வந்து கன் வழியாக வெளியே போகும், பிரச்சினை இல்லை. ஆனால் மலைப் பைப் அடிக்கடி உடையும். காட்டுப்பன்றி கிளறும், மண் சரியும், யாரோ மண்வெட்டியால் கொத்திவிடுவார்கள். உங்களுக்கு மேலே பைப் உடைந்தால், பைப்பில் மிச்சமிருக்கும் தண்ணீர் முழுக்கக் கீழ் வீடுகளை நோக்கி இறங்கத் தொடங்கும். இறங்கும் தண்ணீர் பின்னால் ஓர் உறிஞ்சலை உண்டாக்கும், மேல் வீடுகளில் எந்த வாய் திறந்திருக்கிறதோ அதன் வழியாக உள்ளே இழுக்கும். உங்கள் ஹோஸ் நுனி சோப்பு வாளிக்குள் அமிழ்ந்து கிடந்தால் வாளிச் சோப்பு பைப்புக்குள் போகும். விசையை அழுத்திய நிலையில் பூட்டிப் போத்தலோடு கீழே போட்டிருந்தால் போத்தலில் உள்ளது போகலாம். அது வந்து சேரும் இடம் கீழ் வீட்டு அக்காவின் குடம்.

இதைத் தடுக்கக் கஷ்டமே இல்லை. வாசல் குழாய்க்கும் ஹோஸுக்கும் இடையில் ஒரு நொன் ரிட்டர்ன் வால்வு போட்டால் தண்ணீர் ஒரு பக்கம் மட்டும்தான் போகும். அரை இஞ்சி அளவில் பைப் சாமான் கடைகளில் இருக்கிறது. உடம்பில் ஓர் அம்புக்குறி போட்டிருப்பார்கள், அது ஹோஸ் பக்கம் பார்க்க வேண்டும். த்ரெட் டேப் சுற்றி இறுக்குவது ஒரு சின்ன வேலை. சில கன்களுக்குள்ளேயே இப்படி ஒரு வால்வு இருக்கும், எல்லாவற்றிலும் இருக்காது. இருக்கிறதா என்று அட்டைப்பெட்டி சொல்லவும் சொல்லாது. ஆகவே குழாயில் நாமே போட்டுவிடுவதுதான் நிம்மதி. அதோடு ஹோஸ் நுனியை வாளிக்குள் விடாமல், வாளிக்கு மேலே பிடித்து நிரப்பும் பழக்கமும் வேண்டும். நுரை அடித்து முடிந்ததும் போத்தலைக் கழற்றிவிடுங்கள். பங்குத் தண்ணீர் குடிக்கும் ஒவ்வொரு வீட்டிலும் இந்த வால்வு இருக்க வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன். கார் இல்லாத வீட்டிலும் ஹோஸ் இருக்கிறது, மருந்தடிக்கும் வாளியில் ஹோஸை விட்டு நிரப்புகிறவர்கள் இருக்கிறார்கள். சோப்பைவிடப் பயங்கரம் அது.

கழுவிய தண்ணீர் எங்கே போகிறது என்பது இன்னொன்று. படிப்படியாக வெட்டிய நிலத்தில் நம்முடைய வாசல் விளிம்பு அடுத்த வீட்டின் பின்சுவருக்கு மேலே இருக்கிறது. வடிகால் கானுக்குள் விடாமல் சும்மா வழிய விட்டால் அது மண் வெட்டுக்குள் இறங்கும். ஏற்கனவே மழையில் ஊறி நிற்கும் மண்ணுக்குக் கூடுதல் தண்ணீர் எதற்கு? மண்சரிவு எச்சரிக்கை வரும் நாட்களில் நான் ஹோஸைத் தொடுவதே இல்லை. மற்ற நாட்களில் வண்டியைப் புல் உள்ள பக்கமாக நிறுத்தி, தண்ணீர் பரவலாக ஊறும்படி பார்த்துக்கொள்வேன். ஷாம்புவைக் குறைவாகப் போடும் பழக்கம் இங்கேயும் கைகொடுக்கும், மண்ணும் புல்லும் கொஞ்சச் சோப்பைத் தாங்கும்.

ஆற்றில், மலைத் தண்ணீர் விழும் பீலியில், ரோட்டோர அருவியில் வண்டியை இறக்கிக் கழுவும் வழக்கம் நம்மிடம் இன்னும் இருக்கிறது. வாடகைக்கு ஹயர் ஓடும் தம்பிமார் அதைச் செய்வதன் காரணம் எனக்குத் தெரியும். சேர்விஸ் ஸ்டேஷனுக்குக் கொடுக்கும் காசு ஒரு ஹயரின் மிச்சம். இருந்தாலும் சொல்கிறேன், வேண்டாம். சோப்பு மீனின் செவுளைத் தாக்கும், எஞ்சினிலிருந்து ஒழுகும் எண்ணெய் தண்ணீரில் படலமாகப் பரவும். அந்தத் தண்ணீர் போகும் தூரத்தைப் பாருங்கள். எங்கள் பக்கத்து ஓடைகள் கொத்மலை ஓயாவில் விழுந்து மகாவலியோடு சேருகின்றன. நோர்வூட், மஸ்கெலியாப் பக்கத்துத் தண்ணீர் காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்கள் வழியாகக் களனி கங்கை ஆகிறது. அந்தக் களனித் தண்ணீரை அம்பத்தளையில் சுத்திகரித்துத்தான் கொழும்புக்குக் குடிக்கக் கொடுக்கிறார்கள். ஊர் முழுக்க நம்மிடமிருந்து தண்ணீர் குடிக்கிறது. பீலிக்குப் பக்கத்தில் வண்டியை நிறுத்த வேண்டி வந்தால், வாளியில் தண்ணீரை மொண்டு வந்து ரோட்டின் மறுபக்கத்தில் கழுவுங்கள். அந்த நாலு எட்டு நடையே பெரிய உதவி.

துடைப்பதைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. வெயில் குறைவாக இருப்பதால் பொட்டு விழாது. ஆனால் தானாகக் காயும் என்று விட்டால் மூடுபனியில் காயவே காயாது. உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்து, கதவுகளைத் திறந்து விளிம்புகளையும் துடையுங்கள். ஈர வண்டியின் மேல் உறையைப் போட்டு மூடாதீர்கள். வருடத்தில் இரண்டு தரம், மழைக்கு முன்னும் பின்னும், மெழுகு போட்டால் தண்ணீர் உருண்டு ஓடும், அடுத்த முறை கழுவுவதும் சுலபமாகும்.

கன்னைப் பாதுகாக்க ஒரு குறிப்பு. விசையைப் பட்டென்று விடாதீர்கள். நீளமான இறக்கப் பைப்பில் ஓடி வரும் தண்ணீரைத் திடீரென்று நிறுத்தினால் அதன் வேகம் முழுக்கப் பைப்பில் அடியாக விழும். டொக்கென்று சத்தம் கேட்கும். பல தரம் கேட்டால் எங்கோ ஒரு ஜொயின்ட் கழன்றுகொள்ளும். மெதுவாக விட வேண்டும். வேலை முடிந்ததும் குழாயை மூடிவிட்டு விசையை அழுத்தி உள்ளே உள்ள தண்ணீரை வடிய விட்டு, வீட்டுக்குள் எடுத்து வையுங்கள். ஜனவரி, பெப்ரவரியில் நுவரெலியாப் பக்கம் புல்லில் உறைபனி விழும் இரவுகளில் வெளியே கிடக்கும் பிளாஸ்டிக் கன் வெடிக்க வாய்ப்பு உண்டு.

கழுவி முடித்த உடனே ரோட்டில் இறங்குகிறவர்கள் இதையும் செய்யுங்கள். ஈரமான டிஸ்க்கும் டிரம்மும் முதல் மிதியில் பிடிக்காது. பின்சக்கர டிரம்முக்குள் போன தண்ணீர் சீக்கிரத்தில் வெளியே வராது. நம்முடைய வாசலிலிருந்து வெளியே வந்தால் முதல் வளைவே இறக்கம். ஆகவே தட்டையான இடத்தில் முதல் கியரில் மெதுவாக முன்னே விட்டு, பிரேக்கை லேசாக மிதித்துப் பிடித்தபடி கொஞ்ச தூரம் ஓட்டுங்கள். உராய்வுச் சூட்டில் ஈரம் போய், மிதி பழையபடி இறுக்கமாக வரும். அது வந்த பிறகு மட்டும் இறக்கத்தில் இறங்குங்கள். வண்டியை நிறுத்தி வைக்கப் போகிறீர்கள் என்றாலும் இதே போல ஒரு சுற்று ஓட்டிக் காயவைத்துவிட்டு நிறுத்துங்கள். ஈரத்தோடு ஹேண்ட் பிரேக்கை இழுத்து ஒரு வாரம் விட்டால் பின்பிரேக் துருவில் ஒட்டிக்கொள்ளும். மட்டமான இடமாக இருந்தால் ஹேண்ட் பிரேக் போடாமல் கியரில் விட்டு, டயருக்குக் கல் வைத்தால் போதும்.